மொட்டைமாடி ஜாடி

உட்காரு அம்மணி, எடமிருக்குது. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். ஜன்னல் பக்கம் வேணுமா? வேண்டாமா, செரி.

கையில அது வெள்ளைக் கோட்டுத்தானே? டாக்டருக்குப் படிக்கறயா? ஹவுஸ் சர்ஜனா! அப்ப முடிச்ச மாதிரிதான். இங்கயே, கோயமுத்தூர்லயே படிச்சயா? உங்கம்மா குடுத்து வச்சவ. கோட்டை அப்படிச் சுருட்டாதே கண்ணு, மடிப்பு விழுந்திரும். குடு, நான் மடிச்சுத் தர்றேன்.

என்ற பையனும் டாக்டருக்குத்தான் படிச்சான். சீனாவுல.

நீ மூஞ்சியச் சுளிக்கலை, அதுவே பெரிசு. சீனாவுலயான்னு கேட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாங்க பாரு, அந்தச் சிரிப்புக்கே நான் கல்யாணங் காட்சின்னு போறதை நிறுத்திட்டேன். இப்ப அவன் கோயமுத்தூர்லதான் இருக்கறான், ஒண்டிப்புதூர்ல. சனிக்கிழமையானா இந்த எட்டேகால் வண்டியில போயிப் பார்த்துட்டு வருவேன்.

இல்ல, டாக்டரா இல்ல. சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு சென்னியப்பன். தாராபுரத்துல உரக்கடை வச்சிருக்கார். எம்பேரு வசந்தாமணி. எங்களுக்கு ஒரே பையன், தரணீஷ். தரணின்னு கூப்பிடுவோம். இங்க சீட்டு கிடைக்கலை. கூடப் படிச்ச ரெண்டு பசங்க சீனாவுக்குப் போறாங்கன்னதும் அவங்கப்பாவும் சேர்த்துட்டார். செங்டுன்னு ஒரு ஊரு. அங்க வெயிலே கிடையாதாம், எந்நேரமும் மூட்டம். தரணி போகமாட்டேன்னெல்லாம் சொல்லலை. சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டமா? கேட்டிருப்போம்.

அவன் ரெண்டாவது வருசம் படிக்கறப்பவே எங்க வீட்டுக்காரர் முன்பக்கத்து ரூமுக்கு ரோட்டுப் பக்கமா கதவு வச்சு, படுக்க வச்சுப் பார்க்கற கட்டிலு, கை கழுவற தொட்டி எல்லாம் போட்டுட்டார். வாசல்ல போர்டு. ‘டாக்டர் செ. தரணீஷ்’னு. மழை படாம இருக்க அதுக்கு ஒரு பாலிதீன் உறை. எத்தனை ஆசை இருந்தா அப்படிச் செய்வாங்க, நீயே சொல்லு.

நாலாவது வருசம், பொங்கல் முடிஞ்ச கையோட, அவங்க ஊரு புதுவருசத்துக்கு லீவுன்னு ஒரே ஒரு பைய எடுத்துட்டு வந்தான். இருவது நாள்ல திரும்பறதா இருந்தது. அப்பறந்தான் அந்தச் சீக்கு வந்து ஊரையெல்லாம் பூட்டிட்டாங்களே. இன்னைக்குத் தொறப்பாங்க, நாளைக்குத் தொறப்பாங்கன்னு ரெண்டரை வருசம். படிப்பெல்லாம் போன்லயே. வைத்தியத்தை எப்படி அம்மணி போன்ல படிக்கறது? அவனுந்தான் கேட்டான். நான் சொன்னேன், காது குடுத்துக் கேட்டா எதுலயும் படிக்கலாம்னு.

ஆறு மாசம் மாடி ரூமை விட்டு வெளிய வரலை. ஒரு நாள் திடீர்னு ரெண்டு கிலோ சோயா பீன்ஸ் வாங்கிட்டு வந்து தண்ணியில ஊறப் போட்டான். காலையில என்ற கிரைண்டர்ல ஆட்டி, அவங்கப்பா வேட்டியில புழிஞ்சு, பாலைக் காய்ச்சி, எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு திரிய வச்சான். துணியில கட்டி, மேல அம்மிக் குழவிய வச்சு அமுக்கினா, மத்தியானத்துக்குப் பன்னீர் மாதிரி ஒரு கட்டி. டோஃபுவாம். புழிஞ்சு மிஞ்சின திப்பிய எருமைக்கு வச்சேன், அது மாத்திரம் நல்லாத் தின்னுச்சு.

அதை வச்சு ஒரு குழம்பு வைப்பான். மாப்போ டோஃபுன்னு பேரு. மாப்போன்னா என்னடான்னு கேட்டேன். அம்மைத் தழும்பு விழுந்த பொம்பளைன்னு அர்த்தமாம். அப்படி ஒருத்தி வச்ச குழம்பாம். நல்ல நாளு பெரிய நாள்ல ஊட்டுல சொல்ற பேரா இது? கொத்துக்கறிய எண்ணெயில வதக்கி, செக்கச் செவேல்னு ஒரு விழுதைப் போட்டு, எண்ணெய் சிவப்பாப் பிரியற வரைக்கும் கிளறுவான். இஞ்சி, பூண்டு. அப்பறம் தண்ணி ஊத்தி, கட்டி கட்டியா அறுத்த டோஃபுவ உள்ள நழுவ விடுவான். கரண்டிய விட்டுக் கலக்கக் கூடாது. கரண்டி முதுகுல மெதுவாத் தள்ளோணும், உடைஞ்சா போச்சு. சோள மாவைக் கரைச்சு மூணு தவணையா ஊத்துவான். கடைசியா ஒரு மிளகை வறுத்துப் பொடிச்சுத் தூவுவான். நம்ம மிளகில்லை. ஒதட்டுல பட்டா மரமரன்னு மரத்துப் போகும். பல்லுப் புடுங்கறதுக்கு ஊசி போடுவாங்கல்ல, அதாட்ட.

முதல் தடவை அவங்கப்பாவுக்குப் போட்டுக் குடுத்தான். ரெண்டு வாய்தான். நாக்கை வெளிய நீட்டிட்டு, “ஏ வசந்தா, எனக்கு ஒதடு எங்க இருக்குதுன்னே தெரியலை. பக்கவாதமாட்ட இருக்குது, வண்டிக்குச் சொல்லு”ன்னார். நான் அலறிட்டேன். இவன் சிரிச்சுட்டே அவர் முன்னால உட்கார்ந்து, “அப்பா, ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க. கண்ணை மூடுங்க. இப்பச் சிரிங்க. உங்க பேரைச் சொல்லுங்க” அப்படின்னு ஒண்ணொண்ணாக் கேட்டான். அவரும் சின்னக் கொழந்தையாட்ட எல்லாம் செஞ்சார். “ஒண்ணுமில்லப்பா, மிளகுதான், பத்து நிமிசத்துல போயிரும்”னான். அதே மாதிரி போயிருச்சு. எனக்கு வந்த ஆத்திரம்! பெத்த அப்பங்கிட்ட இப்படியா விளையாடுவாங்க?

நானா? நான் அதை வாயில வைக்கலை. மணத்தைப் புடிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்பறம் அதே பொழப்பாப் போச்சு. ஒரு நாளைக்கு டோஃபுவப் பொன்னாட்டப் பொரிச்சு, குடைமிளகாயோட வதக்குவான். ஒரு நாளைக்கு மிளகாய்த் தண்ணியில மிதக்க விடுவான். வீடெல்லாம் நெடி. எருமை கறக்க வர்றவன்கூட, ‘ஏனுங்க்கா, ஊட்டுல என்னமோ தீயுது’ன்னு கேட்டான். சொந்தம் ஒறம்பரைன்னு வந்தா நான் என்ன சொல்றது? பையன் என்ன பண்றான்னு கேப்பாங்க. சமைக்கறான்னா சொல்றது? என்ற அடுப்புல இனி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவனும் சண்டை போடலை. ஒரு சின்ன அடுப்பைக் கொண்டுபோய் முன்பக்கத்து ரூம்ல, கை கழுவற தொட்டிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டான். வெளியில டாக்டர்னு போர்டு, உள்ள கொத்துக்கறி தாளிக்கற சத்தம்.

படிப்பு முடிஞ்சு பட்டமும் வந்துருச்சு. உனக்குத் தெரியாததா, வெளிநாட்டுல படிச்சவங்க இங்க ஒரு பரீட்சை எழுதோணும். முந்நூறுக்கு நூத்தம்பது வாங்கோணும். முதல் தடவை நூத்திமுப்பத்தொண்ணு. ரெண்டாவது நூத்திமுப்பத்தொம்பது. எனக்கு எல்லா மார்க்கும் மனப்பாடம் அம்மணி, சாமி பேரு மறந்தாலும் இது மறக்காது.

நடுவுல எங்க வீட்டுக்காரர் ஒரு ஏற்பாடு பண்ணினார். எங்க ஊர்ல ஒரு வயசான டாக்டர், கண்ணு செரியாத் தெரியாது. அவர் பேர்ல சீட்டு எழுதட்டும், நம்ம ரூம்ல உட்கார்ந்து இவன் பார்க்கட்டும்னு பேசி முடிச்சாச்சு. இவன் ஒரே பேச்சா மாட்டேன்னுட்டான்.

“ஏப்பா, காச்சல் தலவலிதானே பார்க்கப் போறே”ன்னு அவர் கேட்டார்.

“காச்சல்னு வர்றது காச்சலாத்தான் இருக்கும்னு எப்படிப்பா தெரியும்? சட்டப்படி நான் இன்னும் டாக்டர் இல்லை. நான் தொட்டு ஒருத்தர் செத்துட்டா?”

எத்தனை பிடிவாதம் பாரு. அவங்கப்பா அன்னைக்கு விட்ட பேச்சுத்தான், அப்பறம் அவனோட நேரா ஒரு வார்த்தை பேசலை. எல்லாம் என் மூலமாத்தான். ‘உம் பையன்கிட்டக் கேளு’, ‘உம் பையன்கிட்டச் சொல்லு’.

பல்லடம் வந்துட்டமா? இறங்கறவங்களுக்கு வழி விடு கண்ணு.

மொட்டைமாடியில ஒரு ஜாடி இருந்துது, அதைச் சொல்லோணும். அங்கதான் எல்லாமே ஆரம்பிச்சுது. எனக்கு இன்னும் அப்படித்தான் தோணுது.

சீனாவுல இருந்து அந்தச் சிவப்பு விழுது வாங்க முடியலை, வந்தாலும் நல்லா இல்லைன்னு அவனே போடறேன்னான். மொச்சைய ஊற வச்சுத் தோலுரிச்சு, மாவைப் புரட்டி, முறத்துல பரப்பித் துணி போட்டு மூடி வச்சான். நாலு நாள்ல பார்த்தா அதும்மேல பூஞ்சை! பச்சையும் மஞ்சளுமா. கொட்டப் போனேன். “அம்மா, தொடாதீங்க, அதுதான் வேணும்”னு ஓடி வந்தான். அப்பறம் அதையும் மிளகாயையும் உப்பையும் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியில போட்டு மொட்டைமாடியில வச்சான். தெனமும் காலையில மூடிய எடுத்து வெயில்ல வைக்கோணும். மரக்கரண்டியில அடி வரைக்கும் கிளறோணும். பொழுது சாயறதுக்குள்ள மூடோணும். மழை ஒரு சொட்டு விழக் கூடாது. ஒரு வருசம் ஆகும்னான்.

ஒரு குழம்புக்கு ஒரு வருசமா! ஆனா அதுல அவன் ஒரு நாளு தவறலை. மேகம் கருத்தாப் போதும், படிச்சுட்டு இருக்கற பொஸ்தகத்தை அப்படியே போட்டுட்டு மாடிக்கு ஓடுவான். இந்த அக்கறையப் படிப்புல வச்சிருந்தான்னா? நான் கேட்டேன். “படிக்கறதும் செய்யறேம்மா. ஆனா இது வந்துட்டே இருக்குது, கண்ணுல தெரியுது”ன்னான். என்ன பேச்சு இது? முதல்ல சிவப்பா இருந்தது, அப்பறம் செங்கல் நிறம், அப்பறம் கருஞ்சிவப்பு. “அம்மா, மோந்து பாருங்க”ன்னு கரண்டியோட கீழ வருவான். நான் மூக்கைப் பொத்திக்குவேன்.

மூணாவது தடவை ரிசல்ட் வந்துது. நூத்திநாப்பத்தேழு.

மூணு மார்க்கு. மூணே மூணு.

அவன் போனைப் பார்த்தான், என்கிட்டக் காட்டினான், மாடிக்குப் போயிட்டான். அழுகறானோன்னு பின்னாலயே போனேன். ஜாடியக் கிளறிட்டு நிக்கறான்! எனக்கு எப்படி இருக்கும்? இந்தச் சனியந்தான் என்ற பையனைத் திங்குதுன்னு பட்டுச்சு. அந்த வாரத்துலதான் காங்கயத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதாச் சொல்லியிருந்தாங்க. வீட்டைச் சுத்தம் பண்ணினேன். அவன் குளிக்கப் போயிருந்தான். ஜாடியத் தூக்கிட்டு வந்து பின்னால தென்னைமரத்துக்கடியில குழி தோண்டிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடிட்டேன். ஜாடியக் கழுவிப் பரண் மேல வச்சுட்டேன். பத்து மாசம் ஆகியிருந்தது.

“அம்மா, ஜாடி எங்கம்மா?”

“பூனை தள்ளி விட்டுருச்சு சாமி. உடைஞ்சு போச்சு. நாந்தான் கூட்டி அள்ளிட்டேன்.”

பொய்தான். நல்லதுக்குச் சொல்ற பொய் பொய்யில சேராது. அவன் என்னையே பார்த்தான். அப்பறம் மேல போனான். ஒடஞ்ச ஓடு ஒண்ணாவது கிடக்குதான்னு மாடி பூராவும் குனிஞ்சு தேடினான். நான் படிக்கட்டுல நின்னு பார்த்தேன். திரும்பி வந்தவன் ஒண்ணுமே கேக்கலை. செரி, நம்பிட்டான்னு நினைச்சேன்.

அதுக்கப்பறம் அம்மணி, அப்படி ஒரு மாத்தம்! அடுப்பை எடுத்துக் குடுத்துட்டான். சமையல் கிடையாது, நெடி கிடையாது. காலையில இருந்து பொஸ்தகம். என்ன போட்டாலும் சாப்பிட்டான், உப்பில்லைன்னாக்கூடச் சொல்லலை. பொண்ணைப் பிடிச்சிருக்காடான்னா, ‘உங்களுக்குப் புடிச்சா செரிம்மா’. முடி வெட்டிட்டு வாடான்னா, ‘செரிம்மா’. எதுக்கும் ஒரு எதுத்த பேச்சு இல்லை. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், பார்த்தீங்களா, ஜாடி போச்சு, பையன் வந்துட்டான்னு.

என்ன கேட்டே? தூங்குவானான்னா? நீயும் அதையே கேக்கறயே. பின்னால இவனைப் பார்த்த டாக்டரம்மாவும் முதல்ல இதைத்தான் கேட்டாங்க. தெரியலை அம்மணி. லைட்டு எரிஞ்சுட்டே இருக்கும். படிக்கறான்னு நினைச்சேன். பால் கொண்டுபோய் வைப்பேன். ஒரு நாள் பார்த்தேன், பொஸ்தகத்துல பக்கம் திரும்பவே இல்லை. நான் துணி மடிச்சு வைக்கறப்பப் பார்த்த அதே படம், ஈரல் படம். பத்து நாளா அதே ஈரல். கஷ்டமான பாடம் போலன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் ரூமைச் சுத்தம் பண்ணினான். பொஸ்தகத்தையெல்லாம் அட்டைப் பெட்டியில கட்டினான். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தான். அந்த நெஞ்சுல வச்சுப் பார்க்கறது இருக்குதே, ஸ்டெதஸ்கோப்பு, அதையும் யாருக்கோ பார்சல் கட்டினான். எனக்குச் சந்தோசம் அம்மணி. வீடு எத்தனை நாளைக்கப்பறம் பளிச்சுன்னு இருந்தது தெரியுமா.

நீ ஏன் அப்படிப் பார்க்கறே? நீ படிச்சவ, உனக்குத் தெரியுது. எனக்கு ஆரு சொன்னா?

மறுநாள் பகல் மூணு மணி இருக்கும். போன் அடிச்சுது. ஜோயல்னு ஒரு பையன், நாகர்கோயில்காரன், செங்டுல இவன்கூட ஒரே ரூம்ல இருந்தவன். அவன் பரீட்சைய விட்டுட்டுக் கோயமுத்தூர்ல வேலை பார்க்கறான். “ஆன்ட்டி, தரணி எங்க?”ன்னான். மாடியில இருப்பான்னேன். “போனைக் கையில வச்சுக்கிட்டே உடனே போங்க. ஓடுங்க ஆன்ட்டி. என் ஸ்டெத்தை நீ வச்சுக்கன்னு மெசேஜ் அனுப்பியிருக்கான். எனக்குப் பயமா இருக்கு”ன்னான்.

எனக்கு முட்டிவலி, படிக்குப் படி நின்னு நின்னுதான் மாடி ஏறுவேன். அன்னைக்கு எப்படி ஏறினேன்னு தெரியலை.

கைப்பிடிச் சுவத்து மேல உட்கார்ந்திருந்தான். காலு ரெண்டும் வெளிப்பக்கம். ஜாடி இருந்த மூலைதான் அது.

கத்தலாமா? கிட்டப் போலாமா? அசைஞ்சா என்ன ஆகும்? எதுவும் தோணலை. மாரியாத்தா பேரு வரலை, பெத்த பையன் பேரே வரலை. வாயில வந்தது ஒண்ணுதான்.

“பூனை இல்ல சாமி. நாந்தான்.”

அவன் திரும்பலை. “தெரியும்மா”ன்னான்.

“தென்னைமரத்துக்கடியில கொட்டினேன். குழி தோண்டிக் கொட்டினேன்.”

“தெரியும். மரத்தடியில எறும்பா ஊறுச்சு, பார்த்தேன்.”

“ஏன் சாமி கேக்கலை? திட்டியிருக்கலாமல்ல?”

கீழ ரோட்டுல ஐஸ்காரன் மணியடிச்சுட்டுப் போறான். அப்பறம் தரணி சொன்னான், “கேட்டு என்னம்மா ஆகப் போகுது.” சொன்ன குரல்ல கோபமே இல்லை அம்மணி. கோபம் இருந்திருந்தா எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். “எனக்கு அந்தக் குழம்பு வைக்கத் தெரியாது. நீ வந்து சொல்லு, நான் வைக்கறேன்”னேன். என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் தெரியலை. செத்துப் போயிருவானோன்னு நிக்கறப்பக் குழம்பைப் பத்தியா பேசுவாங்க? அவன் அழுக ஆரம்பிச்சான். அழுதுட்டே ஒரு காலை உள்ள எடுத்துப் போட்டான். அப்பறம் இன்னொரு காலை. நான் போய் அவன் சட்டையப் புடிச்சவ, கீழ வர்ற வரைக்கும் விடலை. போன்ல ஜோயல் கூப்பிட்டுட்டே இருக்கான், பாவம்.

அன்னைக்கு ஒரு டோஃபுக் கட்டி கிடந்துது, என்ற ஃப்ரிட்ஜுல, ஐஸ் வைக்கற தட்டுல, மறந்துபோன கட்டி. என்ற அடுப்புலயே வச்சேன். விழுது இல்லையே, வரமிளகாயையும் வேக வச்ச மொச்சையையும் அம்மியில அரைச்சுப் போட்டேன். அவன் கதவோரமா தரையில உட்கார்ந்து, “கலக்காதீங்கம்மா, தள்ளுங்க”ங்கறான். என் கைக்கு எங்க வருது? எல்லாம் உடைஞ்சு களியாட்ட ஆயிப்போச்சு. மிளகுப் பொடி மாத்திரம் அவன் டப்பாவுல மிச்சம் இருந்தது. உப்புப் பார்க்கறதுக்கு ஒரு சொட்டு நாக்குல வச்சேன். ஒதடு, நாக்கு, கன்னமெல்லாம் மரத்துப் போச்சு. காரம் ஒரு பக்கம். கண்ணுல தண்ணி கொட்டுது, நான் அழுகறனா காரமான்னு எனக்கே தெரியலை. அவனுக்கும் அதே கதிதான்.

ரெண்டு வாய் சாப்பிட்டான். “இது மாப்போ டோஃபு இல்லம்மா”ன்னான்.

“பின்னே என்ன?”

“தெரியலை. என்னமோ ஒண்ணு.” ஆனா தட்டைக் காலி பண்ணினான்.

அப்பத்தான் ஒண்ணு சொன்னான். நாலாவது வருசம் அங்க வார்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். லாரி ஓட்டற ஆளு ஒருத்தரு நெஞ்சுச் சளியோட படுத்திருந்தாராம். பெரிய டாக்டருங்க கேட்டா வாயே தொறக்க மாட்டாராம். இவன் தெரிஞ்ச அரைகுறைப் பாஷையில தெனமும் போய் உட்கார்ந்து பேசுவானாம். நாலாம் நாளு அந்த ஆளு, மாத்திரையெல்லாம் தலகாணிக்கடியில ஒளிச்சு வச்சிருக்கறதை இவன்கிட்டக் காட்டினாராம். அதுக்கப்பறந்தான் அவருக்குக் குணமாச்சாம். வீட்டுக்குப் போற அன்னைக்கு இவனைக் கேன்டீனுக்கு இழுத்துட்டுப் போய் இந்தக் குழம்பையும் சோத்தையும் வாங்கிக் குடுத்து, ‘தைஃபு, சாப்பிடு’ன்னாராம்.

“டோஃபுவா?”ன்னு கேட்டேன்.

“இல்லம்மா, தைஃபு. டாக்டர்னு அர்த்தம். என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆளு அவர்தாம்மா.”

“ஏஞ்சாமி, நாம போர்டே வச்சிருக்கமே”ன்னேன்.

மறுநாளே ஜோயல் வந்து கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்டக் காமிச்சான். மனசுக்குப் பார்க்கற டாக்டரு, ஒரு அம்மா. மாத்திரை குடுக்கறாங்க, வாரத்துக்கு ஒருக்கா பேசறாங்க. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா வீடு எடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல நம்பர் போட்டு எழுதற வேலையாம், அமெரிக்காவுக்கு. நாலு மாசமாப் போறான். சமைக்கறானான்னு கேட்டேன். இன்னும் இல்லைன்னான். பரண் மேல இருந்த ஜாடிய நான் கொண்டுவந்து குடுத்தேன். அதுல பருப்புப் போட்டு வச்சிருக்காங்க ரெண்டு பசங்களும்.

சூலூர் தாண்டிட்டமா? அப்ப நேரமில்லை. உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும் அம்மணி.

இந்தா, இந்தக் கவரைப் பாரு. சென்னையில ஒரு கோச்சிங் சென்டர், இந்தப் பரீட்சைக்குன்னே நடத்தறது. அங்கயே தங்கிப் படிக்கோணும். அவங்கப்பா பாரத்தை அவரே நிரப்பிட்டார், போட்டோவும் ஒட்டிட்டார். தரணி கையெழுத்து மாத்திரம் பாக்கி. திங்கக்கிழமை கடைசி நாள். ‘உம் பையன்கிட்ட வாங்கிட்டு வா’ன்னு குடுத்துட்டார். அந்த டாக்டரம்மா, பரீட்சைங்கற பேச்சையே இப்ப எடுக்காதீங்கன்னு சொன்னாங்கதான். நானும் செரின்னுதான் சொன்னேன். ஆனா மூணு மார்க்குத்தானே அம்மணி? மூணு மார்க்குக்காக ஒரு ஆளு காலம் பூராவும் நம்பர் எழுதிட்டு இருக்கறதா? நீ டாக்டரு. சிங்காநல்லூர்ல வந்து நிப்பான், நீ இறங்கி ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான். அக்கா மாதிரி, தங்கச்சி மாதிரி நினைச்சுட்டு ஒரே ஒரு வார்த்தை.

தலைய ஆட்டறே. நீயும் மாட்டேங்கறே.

செரி விடு. நானே மெதுவா, சாப்பிட்டதுக்கப்பறம் கேட்டுக்கறேன். இல்ல, வேலைக்கெல்லாம் நல்லாப் போறயா சாமின்னு கேட்டுட்டு, அப்படியே... அவன் செரிம்மான்னு சொல்லிருவான் அம்மணி. அதுதான். கேட்டா செரிம்மான்னு சொல்லிருவான்.

சிங்காநல்லூர் வந்துருச்சு. கொஞ்சம் இரு கண்ணு, பார்க்கறேன். அதா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. அவந்தான். மெலிஞ்சுதான் இருக்கான், இல்ல? கையில என்ன அது, வேக வச்ச கடலையா? ஆமா, கடலைதான். தோலை உரிச்சு உரிச்சுத் தின்னுட்டு நிக்கறான். அம்மணி, அவன் தானா ஒரு பொருளை வாங்கித் தின்னு நான் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்தக் கடலைக்காரரோட என்னமோ பேசறான். சிரிக்கறான் பாரு. பல்லுத் தெரியச் சிரிக்கறான்.

நீ வாராவாரம் இந்த வண்டியிலதானே வருவே? வீட்டுக்குப் போயிட்டு இதே எட்டேகாலுக்குத்தானே?

அப்ப இந்தக் கவரை நீ வச்சிரு. அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கறேன்.

ஆமா, திங்கக்கிழமைதான் கடைசி நாள். எனக்குத் தெரியும். பைக்குள்ள வை கண்ணு, சீக்கிரம் வை. அவன் இந்தப் பக்கம் பார்க்கறான்.